8 லிட்டர் டீசல் எங்கே?

நாமக்கல் மலைக்கோட்டையிலிருந்து இறங்கினால், திரும்பிய பக்கமெல்லாம் லாரிப் பட்டறைகள். அதில் ஒன்றின் வாசலில் முதலாளியும் டிரைவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1,000 கிலோமீட்டர் டிரிப்பில் 8 லிட்டர் டீசல் உதைக்கிறதாம்!

மெக்கானிக் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார். 9.00-20 டயருக்குப் பதில் 10.00-20 மாட்டியிருந்தார்கள். டயர் பெரிதானால், ஒரு சுற்றில் ஓடும் தூரமும் கூடும். மீட்டரோ பழைய கணக்கிலேயே எண்ணும். 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 967தான் காட்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால், 8 லிட்டர் ‘காணோம்’! வேகமும் அப்படியே: மீட்டர் 60 காட்டினால், வண்டி ஓடுவது 62.

மீட்டரில் டயர் அளவை மாற்றிப் பதிந்து, சேலம் சாலையில் கிலோமீட்டர் கற்களோடு ஒத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

முதலாளி மெல்ல அழைத்தார்: “வாங்கண்ணா, டீ குடிக்கலாமுங்க.”