திதி அறியாத வீரர்

ஆடி அமாவாசையன்று திருவாரூர்க் கமலாலயக் குளத்தின் படித்துறைகளில் மக்கள் நிறைந்திருப்பர். என் இளமைக்காலத்தில் அப்பா அங்கே நீரில் இறங்கி, முன்னோர் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பார். அவர் முடித்ததும், மேற்படியில் நிற்கும் அப்பாயி, "தம்பிக்கும் ஒரு கை விடுப்பா" என்பார். அச்சொற்களின் பொருள் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேன். "செத்த நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதான்டா திதி" என்றார்.

அப்பாயியின் தம்பி பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். காவிரி பாயும் ஊரில் பிறந்தும் ஒரு குழி நிலமும் இல்லாத குடும்பம் அது. பினாங்கில் இறங்கி, மலேயாவின் இரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டும் வேலையில் அமர்ந்தார். அவர் அனுப்பிய கூலிப்பணத்தில் இங்கே அடுப்பெரிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவில் புகுந்தது. பணமும் கடிதமும் நின்றுபோயின.

போர் முடிந்து ஊர் திரும்பிய தோட்டத்துத் தோழர் ஒருவர்தாம் எஞ்சிய செய்தியைக் கொணர்ந்தார். 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், விடுதலைப் போருக்கு அழைப்பு விடுத்தார். துப்பாக்கியைத் தொட்டறியாத தோட்டத் தொழிலாளர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தம்பியும் சேர்ந்தார், பர்மா சென்றார். 1944ஆம் ஆண்டு இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. கொட்டும் மழையில் படை பின்வாங்கியபோது, குண்டுக்குத் தப்பியவர் பலரைப் பசியும் மலேரியாவும் மாய்த்தன. வழியில் காய்ச்சல் கண்டு விழுந்த தம்பியை அதன்பின் எவரும் காணவில்லை.

அனைத்தையும் கேட்ட அப்பாயி ஒன்றை மட்டுமே வினவினாராம்: "கடைசியா சோறு சாப்பிட்டானா?" தோழர் தலைகவிழ்ந்திருந்தார். அதன்பின்னும் அப்பாயி நம்பிக்கையைக் கைவிடவில்லை. எள்ளிறைத்தால் இறப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த பின்னரே, தம்பிக்கும் ஒரு கை நீர் விடச் சொன்னார்.

மாண்ட வீரர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி ஒரு நினைவுச்சின்னத்திற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பிவந்த ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல் அவ்விடத்தில் சிங்கப்பூர் அரசின் சார்பில் ஒரு நினைவுப்பலகை நிறுவப்பட்டது. கல்லை இடித்தவர்களால் நினைவை இடிக்க இயலவில்லை.

ஒரு குழி நிலமும் தமக்கில்லாத நாட்டின் விடுதலைக்காக உயிரீந்தவர் அந்த இளைஞர். அவருக்குப் புகைப்படம் இல்லை, கல்லறையும் இல்லை. அப்பாயி மறைந்தார், அப்பாவும் மறைந்தார். இன்று அந்தப் படித்துறையில் நான் இறங்குகிறேன். எல்லாப் பெயர்களையும் சொல்லி முடித்தபின், எவரும் நினைவூட்டாமலே என் கை மீண்டும் ஒருமுறை நீரை அள்ளுகிறது.