ஹீட்சிங்கில் படிந்த ஓசூர்

ஓசூரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்கு ஏப்ரலும் மேயும் அறுவடைக் காலம். ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் குளுகுளு ஊர் என்று பெயர்தான். சித்திரை பிறந்துவிட்டால் ‘தானா ஆஃப் ஆயிடுது’ என்ற புகாரோடு சிபியூ பெட்டிகள் கடை வாசலில் வரிசை கட்டிவிடுகின்றன. உள்ளே சுற்றும் ஃபேன் அறைக்காற்றைத்தான் அள்ளி வீசுகிறது. அறையே 36 டிகிரியில் தகித்தால் அதற்குக் கீழே எதையும் அது இறக்கிவிட முடியாது. இங்கிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி, உயரமும் குறைந்த கிருஷ்ணகிரியில் வெக்கை இன்னும் கூடுதல். அங்கிருந்துகூடப் பெட்டிகள் பஸ் ஏறி இந்தக் கடைக்கு வருகின்றன.

பாகலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். உதவிக்கு டிப்ளமோ முடித்த தம்பி ஒருவர். பிராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, “அதுல என்னாங்க சார் இருக்கு பாக்கறதுக்கு? பேஸ்ட் போடறது ஒரு நிமிஷ வேலை” என்று சிரித்தார். ஒரு நிமிட வேலைதான். அந்த நிமிடத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நடப்பதைத்தான் நான் பார்க்கப் போயிருந்தேன் என்பது அங்கே போன பிறகே எனக்கு விளங்கியது.

வருகிற பெட்டியை அவர் திறந்த மாத்திரத்தில் அது எந்தத் தொழில் செய்யும் இடத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். இதில் மந்திரம் ஏதுமில்லை. ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே என்ன அடைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். கிரானைட் அறுக்கும் கம்பெனி என்றால் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. ஊதினால் பறந்துவிடும், ஆனால் நுண்ணியது, ஃபேன் பேரிங்குக்குள் புகுந்து அரைக்கும். அட்டைப்பெட்டி செய்கிற இடம் என்றால் பஞ்சு மாதிரி நார், தகடுகளின் மேல் போர்வை விரித்தாற்போல் கிடக்கும். வீட்டுப் பெட்டியில் தலைமுடியும் பவுடரும். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் அலுவலகக் கம்ப்யூட்டரில் எறும்பு குடியேறி முட்டையிட்டிருந்ததாம். இவை எல்லாவற்றிலும் அவர் வெறுப்பது லேத், சிஎன்சி பட்டறைகளிலிருந்து வருவதைத்தான். அங்கே வெட்டும்போது தெறிக்கும் கூலன்ட்டும் எண்ணெயும் ஆவியாகிக் காற்றில் மிதக்கும். அது தகட்டில் மெல்லிய பிசுக்காகப் படியும். அதன் மேல் தூசி, தூசிக்கு மேல் மறுபடி பிசுக்கு. போதாததற்கு வார்ப்பிரும்புத் தூளும் கலந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் போர்டின் மேல் உதிரவிட முடியாது.

1980-இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் 50 மொபெட்டும் ஓசூரில் தொடங்கிய நாளிலிருந்து, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிப்காட்டைச் சுற்றிப் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. 1984-இல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டனும் இங்கேதான் கடிகாரம் செய்ய வந்தது. அண்மையில் மின்ஸ்கூட்டர்கள், செல்போன் பாகங்கள். ஒவ்வொரு பட்டறையிலும் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். வரைபடம் திறக்க, மிஷினுக்கு புரோகிராம் அனுப்ப, டெலிவரி சலான் அடிக்க. அவற்றில் பாதிக்கு மேல் பெங்களூர் ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட பெட்டிகள் என்கிறார் கடைக்காரர். மீதி, அதே பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி இங்கே பூட்டியவை. முன்பெல்லாம் அங்கிருந்து ஒரு மதர்போர்டு கொண்டுவந்தாலும் எல்லையிலுள்ள ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் பில்லை நீட்ட வேண்டியிருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடி போன பிறகு அந்தத் தொல்லை இல்லை. சரக்கு தாராளமாக வருகிறது. கூடவே போலிப் பேஸ்ட்டும் தாராளமாக வருகிறது.

அன்று மேசைக்கு வந்தது ஒரு சிஎன்சி பட்டறையின் பெட்டி. நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், இன்டெல்லோடு கூடவே வந்த வட்டமான கூலர், அதாவது ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்தது. பட்டறை முதலாளியே பைக்கில் முன்னால் வைத்துக் கொண்டுவந்திருந்தார். “வரைபடம் திறந்தா ஆமை மாதிரி போவுது. விண்டோஸ் போட்டுடுங்க” என்றார். விண்டோஸை மறுபடி நிறுவுவதுதான் இந்த ஊரில் சர்வரோக நிவாரணி. கடைக்காரர் எதுவும் சொல்லாமல் பெட்டியை மானிட்டரில் மாட்டி, பிராசஸரைத் திணறவைக்கும் சோதனை மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் சூடு 99, 100 என்று போய் நின்றது. பக்கத்திலேயே வேகத்தைக் காட்டும் எண் பாதியாக விழுந்தது.

எரிந்து போகாமல் இருக்க பிராசஸர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எல்லாக் காலத்திலும் இந்த வசதி இருந்ததில்லை. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தது. பென்டியம் 4 வேகம் குறைந்து பிழைத்துக்கொண்டது. ஏஎம்டியின் அத்லான் சில நொடிகளில் புகைந்தது. அந்தக் காலத்தில் தொழிலுக்கு வந்தவர் நம் கடைக்காரர். “அப்பல்லாம் ஃபேன் நின்னா பிராசஸர் போச்சு. கஸ்டமருக்கும் புரியும். இப்ப சாவறதில்லை, மெதுவா ஓடுது. அதனால யாருக்கும் தெரியறதில்லை” என்றார்.

சோதனையை நிறுத்தியதும் உடனே கழற்றினார். சூட்டோடு எடுத்தால்தான் காய்ந்த பேஸ்ட் இளகிக் கொடுக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் இது ரொம்ப முக்கியம். அதில் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. ஆறிப்போன பேஸ்ட் பிசின்போல் பிடித்திருக்க, நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளைந்தால் தொலைந்தது. இடமும் வலமுமாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். இன்டெல் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொன்றையும் கால்திருப்பு திருப்பி மேலே இழுத்தார்.

கூலரைப் புரட்டி விளக்கொளியில் காட்டினார். பழைய பேஸ்ட் காய்ந்து வெடித்த சாம்பல் நிறப் பொருக்காக இருந்தது. ஆனால் அவர் விரல் வைத்தது ஒரு மூலையில். மூன்று பக்கம் பேஸ்ட் மெலிந்து உலோகம் தெரிகிறது. இந்த மூலையில் மட்டும் தடிமனாக, அமுங்காமல் நிற்கிறது. “இங்க ஒரு கால் உக்காரவே இல்ல சார். பேஸ்ட்டு மேல பழி போடக் கூடாது.” உண்மையில் அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் காலின் நுனி பிளந்திருந்தது. போன தடவை பேஸ்ட் மாற்றியவர் பிளந்த காலை அப்படியே அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். பேஸ்ட்டின் தடத்தைப் படிக்கத் தெரியாதவர் எத்தனை விலையுயர்ந்த டியூபைப் பிதுக்கினாலும் இந்தப் பெட்டி அடுத்த மாதம் திரும்பி வந்திருக்கும்.

இனிச் சுத்தம். வாசலுக்குக் கொண்டுபோய் பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். விட்டால் கண்மண் தெரியாமல் சுற்றி பேரிங் கெட்டுவிடும். பிசுக்கு ஊதலுக்கு அசையவில்லை. ஃபேனைத் தனியே பிரித்துவிட்டு, தகடுகளைப் பாத்திரம் துலக்கும் சோப்புநீரில் ஊறவைத்து, பெயின்டர் பிரஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தார் தம்பி. தண்ணீர் கறுத்து இறங்கியது. அடியில் மினுமினுவென்று இரும்புத் தூள். வெயிலில் காயவைத்த பிறகு பிராசஸரோடு ஒட்டும் முகத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். பட்டறைகள் எல்லாவற்றிலும் மூட்டையாகக் கிடக்கும் திருப்பூர்க் கழிவுத்துணிதான் இது. பிராசஸரின் மேல்மூடிக்கு மட்டும் அது ஆகாது. நூல் பிரிந்து சாக்கெட் பின்னில் சிக்கும் என்று, கண்ணாடி துடைக்கும் துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை நனைத்துக்கொண்டார் கடைக்காரர். கோவிட் நாள்களில் சானிடைசருக்காக இதற்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டு, லிட்டர் கணக்கில் வாங்கியவர்கள் மில்லி கணக்கில் வாங்கினார்களாம்.

துடைத்து முடித்ததும் நிக்கல் பூசிய மூடியில் என் முகம் தெரிந்தது. இவ்வளவு வழவழப்பான இரண்டு உலோகங்களை ஒன்றோடொன்று அழுத்தினால் போதாதா, நடுவில் எதற்குப் பேஸ்ட்? கண்ணுக்குத்தான் வழவழப்பு. நுண்ணோக்கியில் இரண்டு பரப்பிலும் மேடு பள்ளம். மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 400 வாட், அலுமினியத்துக்கு 237 அளவில், காற்றுக்கு வெறும் 0.026. நல்ல பேஸ்ட் என்பதே பத்துக்கு அக்கம்பக்கம்தான். ஆக, உலோகத்தோடு ஒப்பிட்டால் பேஸ்ட் சோப்ளாங்கி. காற்றோடு ஒப்பிட்டால் சூரன். சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் பள்ளத்தை நிரப்ப மட்டும்தான் அது வேண்டும். அதற்கு மேல் போட்டது அத்தனையும் இடைஞ்சல். இந்த ஐ5 முழுவீச்சில் 84 வாட் தின்னக்கூடியது; அந்தச் சூடு மொத்தமும் இரண்டு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான சிலிக்கானிலிருந்து வெளியே வந்தாக வேண்டும்.

பட்டாணி அளவு ஒரு பொட்டு, நட்டநடுவில். விரலால் தடவவில்லை. கூலரின் அழுத்தமே பரப்பிக்கொள்ளும். தடவினால் காற்றுக் குமிழ் மாட்டும். லேப்டாப்பில் மூடி இல்லாமல் சிலிக்கான் வெறுமையாக இருப்பதால் அங்கே மட்டும் மெல்லிசாக முழுவதும் தேய்த்துவிடுகிறார். அலமாரியில் வெள்ளைப் பேஸ்ட் டப்பா ஒன்றும் இருந்தது. ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் வேலைக்காரர்கள் நெடுங்காலமாக ‘ஹீட்சிங்க் காம்பவுண்ட்’ என்று வாங்கும் சிலிக்கோன் எண்ணெயும் துத்தநாக ஆக்சைடும் கலந்த சரக்கு. இதையும் குறை சொல்ல அவர் தயாரில்லை. ஓரளவு சூடாகும் பெட்டிக்கு அதுவே போதும். சீக்கிரம் காய்ந்துவிடும், அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் அரித்துப்போன அலுமினியத் துண்டு ஒன்று. யாரோ விளையாட்டுப் பிரியர், வீடியோ பார்த்துவிட்டு, காலியம் கலந்த திரவ உலோகத்தை அலுமினிய ஹீட்சிங்கில் பூசியதன் விளைவு. காலியம் அலுமினியத்தின் உள்ளே ஊடுருவி அதைப் பிஸ்கட்டாக நொறுக்கிவிடும். வருகிறவர்களுக்குக் காட்டவே வைத்திருக்கிறார்.

தம்பி இதற்கு முன் மின்ஸ்கூட்டர் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர். பேட்டரிக்கும் அதன் உலோகத் தட்டுக்கும் நடுவில் இதே வகைப் பொருளை ரோபோ கோடு கோடாகப் பிதுக்குவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாராம். “அங்க அளவு மிஷின் பாத்துக்கும், எனக்கு நிக்கற வேலைதான்” என்றார். இங்கே சம்பளம் குறைவு. ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்குக் கால்வலி என்று மட்டும் சொன்னார்.

நடுவில் அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் லேப்டாப்போடு நுழைந்தார். “ஆஃப் ஆக்தா இதே சார்.” கடைக்காரர் அடிப்பக்கக் காற்றுத் துவாரத்தை டார்ச்சில் பார்த்தபடியே “தூளு தும்பிதே” (தூசி அடைத்திருக்கிறது) என்று கன்னடத்திலேயே பதில் சொன்னார். அடுத்த போனில் தெலுங்கு. இந்த எல்லை ஊரில் மூன்று மொழியிலும் தூசியைத் திட்டத் தெரியாமல் கடை நடத்த முடியாது.

புதுப் பிளாஸ்டிக் கால் போட்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்த, நான்கு முறை ‘டக்’ என்று விழுந்தது. போர்டின் பின்பக்கம் நான்கு நுனியும் வெளியே வந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார். அதே சோதனையை மறுபடி ஓடவிட, சூடு 74-இல் நின்றது. இன்னும் குறையாதா என்றேன். இந்தப் பெட்டியில் குறையாது. மூன்றாம் தலைமுறையிலிருந்து, அதாவது 2012 முதல், இன்டெல் தன் சாதாரண பிராசஸர்களில் சிலிக்கானுக்கும் மூடிக்கும் நடுவே சால்டருக்குப் பதில் பேஸ்ட்டையே வைத்தது. 2018-இல் ஒன்பதாம் தலைமுறையின் உயர்ரகங்களில்தான் சால்டருக்குத் திரும்பியது. உள்ளே காய்ந்த அந்தப் பேஸ்ட்டை மாற்ற மூடியையே பெயர்க்க வேண்டும். அலுவலகப் பெட்டிக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்கிறார். சரிதான்.

பில் 500 ரூபாய். முதலாளி முகம் சுருங்கியது. “விண்டோஸ் போடலியே, எதுக்குங்க ஐந்நூறு?” கடைக்காரர் கறுத்த சோப்புநீர் வாளியைக் காட்டினார். பேரம் 400-இல் முடிந்தது. சாஃப்ட்வேர் போட்டால் கேட்ட காசு கிடைக்கிறது. சுத்தம் செய்ததற்கு வாதாட வேண்டியிருக்கிறது. நம் ஊரில் துடைக்கிற வேலைக்கு எப்போதும் இந்த மதிப்புதான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. டிவிஎஸ் மோட்டார் 2002-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கியது. அந்தக் கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கும் ஐந்து மிஷின் பட்டறையில்கூடச் சுவரில் ஒழுங்கையும் சுத்தத்தையும் வலியுறுத்தும் ‘5எஸ்’ பலகை தொங்கும், ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் மாற்றிய தேதி பதிவேட்டில் இருக்கும். அதே ஸ்பிண்டிலுக்கு புரோகிராம் அனுப்பும் பெட்டி மேசைக்கடியில், கூலன்ட் டிரம்முக்குப் பக்கத்தில், எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் கிடக்கிறது. இதைச் சொன்னதும் முதலாளி சற்று யோசித்தார். பிறகு, ஆயில் சர்வீஸுக்கு ஒட்டுவதுபோல் தேதி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தரச் சொன்னார். கடைக்காரர் ஆறு மாதம் தள்ளித் தேதி எழுதி, பெட்டியைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி வைக்கச் சொல்லி ஒட்டிக் கொடுத்தார்.

“ஆடிட்டுக்கு வர்றவங்ககிட்ட இதக் காட்டலாங்களா?”

“தாராளமா காட்டுங்க. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி ஆடிட் வந்தாத்தான்.”