நிழல் அளந்து கற்ற பாடம்

ஞாயிறு நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகின்றது. தைத்திங்கள் முதல்நாளில் முற்றத்திலே கோலமிட்டுப் பொங்கிப் படைத்துக் கதிரவனைக் கைகூப்புதல் யாழ்ப்பாணத்தில் வீடுதோறும் நிகழ்வது. அம்மரபிலே வளரும் சிறு பிள்ளைகளுக்கு வெயிலினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் வகையைக் கற்பிக்கப் புகுவோர், முதலில் ஒரு வினாவுக்கு விடை கூறியாதல் வேண்டும். இக்கல்லூரியிலே பயின்று, கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்று, இன்று ஆரம்ப வகுப்புகளிலே தமிழும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் கற்பித்துவரும் எம்மிடம், மூன்றாந் தரத்துச் சிறுமி ஒருத்தி அவ்வினாவை எழுப்பினாள்: "சேர், சூரியனுக்குப் பொங்கிப் படைக்கிறோமே, அது எங்களுக்குத் தீமை செய்யுமோ?"

"விளக்குச் சுடரையும் வணங்குகிறோம், பிள்ளை, அதற்காக அதனுள்ளே விரலை வைப்போமோ?" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது, பாடமும் தொடங்கிற்று.

சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்வது தமிழாசிரியர் வழக்கம். வானவில்லின் ஓரத்து நிறம் ஊதா. அதற்கும் அப்பாலுள்ளது ஊதாக்கடந்த கதிர். நம் நாட்டு நூல்களிலே கழியூதாக் கதிர் என்ற பெயரும் வழங்கும். தமிழகத்தார் புறஊதாக் கதிர் என்பர். எப்பெயரால் அழைப்பினும், கண்ணுக்குத் தெரியும் நிறங்களின் எல்லையைத் தாண்டியது என்பதே பொருள். 1801ஆம் ஆண்டிலே ஜேர்மானியரான ரிட்டர் என்பார், ஒளியைப் பட்டகத்தாற் பிரித்து, ஊதாவுக்கு அப்பால் ஒளியே தோன்றாத இடத்தில் வெள்ளியுப்பை வைத்தபோது, அது ஏனைய இடங்களிலும் விரைவாகக் கறுத்ததைக் கண்டார். காணாத கதிரும் வேலை செய்யும் என்பதைப் பிள்ளைகள் இக்கதையினால் எளிதில் உணர்வர்.

அக்கதிர் சுடுவதுமில்லை என்பதை உணர்த்துவதே அரிது. வெயிலின் கொடுமையை வெப்பத்தால் அளப்பதே நம் பழக்கம். சோளகம் வீசும் நாளிலே உடல் குளிர்ந்திருக்கும். மெல்லிய முகில் படர்ந்த நாளிலே கண் கூசாது. ஆயின் காற்று இக்கதிரைத் தடுப்பதில்லை. மெல்லிய முகிலும் பெரிதும் தடுப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதன் வலிமையை ஒரு சுட்டெண்ணாற் குறிக்கும். அது 3 ஆனாலே காப்பு வேண்டும். 11ஐ எட்டினால் மிகக் கடுமை. நம் குடாநாட்டிலே பங்குனி, சித்திரை நண்பகல்களில், வானந் தெளிந்திருப்பின், 11ஐத் தாண்டுவது இயல்பே. ஓசோன் படலத்திலே துளை விழுந்தமையால் இது நேர்ந்ததன்று; ஞாயிறு நம் தலைக்குமேல் நிற்பதனால் நேர்வது.

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சுட்டெண் எதற்கு? அதற்கு நிழல் போதும். நம் முன்னோர் தம் நிழலை அடியால் அளந்து பொழுதறிந்தனர். அதனையே யாம் பாடமாக்கினோம். முற்றத்திலே பிள்ளைகள் இருவர் இருவராய் நின்று, ஒருவர் நிழலை மற்றவர் கயிற்றால் அளப்பர். நிழல் தம்மினும் நீண்டிருந்தால் விளையாடலாம். தம்மினுங் குறுகிவிட்டால் மரத்தடிக்குச் செல்லவேண்டும். பங்குனி, சித்திரையிலே காலை ஒன்பது மணி கடந்ததும் நிழல் ஆளினுங் குறுகிவிடும். பிற்பகல் மூன்று மணி வரை குறுகியே நிற்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலே ஞாயிறு யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருதலால், நண்பகல் 12.10 மணியளவில் நட்ட கோலுக்கும் நிழல் இராது. விடுமுறையிலே இதனை வீட்டு முற்றத்திற் செய்து பார்த்துவந்த பிள்ளைகள், நிழலைக் காணவில்லையென்று வியந்து சொல்வதைக் கேட்பது எமக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் இன்பம்.

அவுஸ்திரேலியாவிலே சட்டை, களிம்பு, தொப்பி என்னும் மூன்றையும் வற்புறுத்தும் இயக்கம் 1981ஆம் ஆண்டிலே தொடங்கியது. தொப்பியில்லாத பிள்ளை வெளியில் விளையாடலாகாது என்பது அங்கே பல ஆரம்பப் பாடசாலைகளின் விதி. அங்கிருந்து வரும் எம் உறவினரின் பிள்ளைகள் தொப்பியோடு முற்றத்தில் இறங்குவதைக் கண்டு நம் பிள்ளைகள் நகைப்பதுண்டு. அந்நாட்டுப் பாடத்தை அப்படியே நம் வகுப்பில் நடத்துதல் பொருந்தாது. அவர்களை வருத்தும் தோற்புற்று நம்மவர்க்கு அரிது. நம் தோலின் கருநிறமே ஓரளவு காவல். எலும்பை உரமாக்கும் உயிர்ச்சத்து டீ தோலில் உண்டாதற்கும் இக்கதிர் சிறிது வேண்டும். ஆயின் கண்ணுக்கு அக்காவல் இல்லை. அதிலும் சிறுவரின் கண்வில்லை முதியோரதினும் தெளிந்ததாதலின், கதிர் உட்புகுவது மிகுதி. உலர்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் கதிரில் நூற்றுக்கு 15 பங்கையும், கடல்நுரை 25 பங்கையும் திருப்பி அனுப்பும். மணற்காட்டு வெண்மணலில் விளையாடும் பிள்ளைக்கு வானிலிருந்து மட்டுமன்றி நிலத்திலிருந்தும் கதிர் வருகின்றது.

எம் தந்தையார் புகையிலைத் தோட்டஞ் செய்தவர். ஐம்பத்தெட்டாம் வயதிலே இரு கண்ணிலும் புரை படர்ந்தது. அறுவைச் சிகிச்சையாற் பார்வை மீண்டது. வெயில் ஒன்றே காரணம் என்று யாம் துணிந்து கூறோம். ஆயினும் பல்லாண்டுகளாய்ப் பட்ட வெயில் கண்புரைக்கு ஒரு காரணமாதல் மருத்துவர் கண்ட உண்மை. அவர் இறைப்புக் காலத்திலே தலைக்குத் துவாயைக் கட்டுவார். கண்ணுக்கு நிழல்தரும் ஓலைத்தொப்பியை அணிந்ததில்லை.

கிரகண நாள்கள் இப்பாடத்துக்கு வாய்ப்பானவை. 2010ஆம் ஆண்டு தை 15ஆந் திகதியும், 2019ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதியும் யாழ்ப்பாணத்தார் வளையச் சூரிய கிரகணத்தைக் கண்டனர். முந்தியதில் வளையம் ஏறத்தாழப் பத்து நிமிடம் நின்றது. அன்று யாம் அயற் பிள்ளைகளைக் கூட்டி, ஞாயிற்றைப் பாராது நிலத்தைப் பார்க்கச் செய்தோம். மட்டையில் இட்ட ஊசித்துளையின் ஊடாகவும், வேப்பிலை இடுக்குகளின் ஊடாகவும் விழுந்த ஒளியெல்லாம் சிறு சிறு வளையங்களாயின. கண்ணைக் கெடுக்காமலும் ஞாயிற்றைக் காணலாம் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிந்தனர்.

இவ்வளவும் கற்ற பிள்ளை, கற்றபடி நடக்க இடமுண்டோ என்பதே எம் கவலை. இல்ல மெய்வல்லுநர் போட்டியொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டோம். பிற்பகல் ஒன்றரை மணி. விருந்தினர்க்குப் பந்தலும் குளிர்பானமும் இருந்தன. அணிநடைக்காக நின்ற சிறுவர்க்கு நிழலில்லை. விருந்தினர் வரும்வரை அவர்கள் வெயிலிலே காத்து நின்றனர். எம் மாணவன் ஒருவன் தன் காலடியைக் காட்டி, "சேர், நிழல் என்னைவிடச் சின்னன்" என்றான். அவனை அழைத்துச் சென்று மதிலோரத்தில் இருத்தினோம். ஏனையோர் நின்றபடியே நின்றனர். 2024ஆம் ஆண்டு மாசி மாதத்திலே, கடும் வெப்பங் கருதி வெளிக்களச் செயற்பாடுகளைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் அவ்வாண்டோடு மறக்கப்படுதல் ஆகாது.

பருத்தித்துறையிலே நம் முன்னோர் தெருவையே மூடி மடங் கட்டினர். வழிப்போக்கனுக்கு நிழல் தருதல் அறமென்று அவர் கருதினர். பழைய மாணவ அன்பர்களே, அவ்வறத்தை நம் பிள்ளைகளுக்கும் செய்வோமாக. விழா நினைவாக மைதானத்தின் மேற்கு ஓரத்திலே வேம்பும் புங்கும் நாட்டலாம். பந்தலின் முன்வரிசையைச் சிறுவர்க்கு ஒதுக்கலாம். போட்டிகளைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி நிழல் குறுகுமுன் முடிக்கலாம். உம் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பனையோலைத் தொப்பி வாங்கிக் கொடுத்தால், பின்னும் கைகளுக்கும் தொழில் கிடைக்கும்.

நம் கல்லூரித்தாய் இன்னும் பல விழாக் காண்பாளாக. அவள் மடியிலே வளரும் பிள்ளைகள் நிழலும் ஒளியும் நிறையப் பெற்று வாழ்வாராக.