மண்டையில ஏறாதுங்களா?

ஈரோடு பக்கம் எந்தப் பள்ளிக்கூடப் பேச்சு வந்தாலும் ஒரு வரி காதில் விழுந்துவிடுகிறது: "இவனுக்கெல்லாம் மண்டையில ஏறாதுங்க." கேட்டாலே மனசு கொதிக்கிறது.

2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் செய்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். அதே ஆள், அதே மூளை. ஆனால் கையில் காசில்லாத காலத்தில் திறன் குறைந்தது. கரும்புப் பணம் வந்தபின் கூடியது. பெரியவர்களுக்கே இப்படியென்றால், கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு?

மொழியையும் சேர்த்துப் பாருங்கள். தாளவாடியில் வீட்டில் கன்னடம் பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள். பெருந்துறை சிப்காட் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள். தமிழில் எழுதிய கணக்கைப் புரிந்துகொள்வதிலேயே அவர்கள் கவனமெல்லாம் செலவாகிவிட்டால், கூட்டிப் பார்க்க என்ன மிச்சமிருக்கும்? அந்தப் பிள்ளை தோற்றது கணக்கில் அல்ல.

2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும், அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையிலிருந்து கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் நான் இதனால்தான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நின்றால், "காலையில் சாப்பிட்டியா கண்ணு? வீட்ல என்ன பேசுவீங்க?" என்று முதலில் கேளுங்கள்.