கப்பலேறப் போறீங்களா?

"அண்ணி, இந்த மே லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு போகாம இங்க வாங்க. எல்லாருமா கப்பல்ல போகலாம்" என்று சிங்கப்பூரிலிருந்து என் நாத்தனார் ஃபோன் செய்தபோது எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் வயிற்றில் புளியைக் கரைத்தது. எங்கள் குடும்பத்தில் கப்பல் என்றால் என் தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்குக்குப் போன 'ரஜூலா' கப்பல்தான். அவர் ஊறுகாய் ஜாடியோடு போனாராம். நான் என்ன கொண்டு போனேன், அதனால் என்ன கூத்து நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2024 மே மாதம். சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, புக்கெட் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூருக்கே வரும், நாலு ராத்திரிப் பிரயாணம். நான், என் கணவர், 72 வயசான என் மாமியார், நாத்தனார், அவள் வீட்டுக்காரர், அவர்களுடைய ஒன்றரை வயசுப் பிள்ளை என்று ஆறு பேர்.

டிக்கெட் வாங்குமுன் நாத்தனார் சொன்ன ஒரு விஷயம் பெரிய உபகாரமாக இருந்தது. கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளிநாடு போய்த் திரும்பி வருகிறது அல்லவா? ஒரு தடவை மட்டும் நுழையும் விசா இருந்தால் திரும்பி இறங்கும்போது மாட்டிக்கொள்வோம். எத்தனை தடவை நுழையலாம் என்று போட்டிருக்கிறதா என விசாவை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஏஜெண்ட் பார்த்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். கப்பல் நிற்கிற நாடுகளுக்கு விசா வேண்டுமா என்பதும் அவ்வப்போது மாறுகிற சங்கதி. போகிற சமயத்தில் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

கைக்குழந்தைக்காரிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. நீண்ட கடல் பிரயாணம் என்றால் ஒரு வயசு ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். கர்ப்பிணியாக இருந்தால், பிரயாணம் முடிவதற்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் ஏற்ற மாட்டார்கள். பணம் கட்டிய பிறகு இது தெரிந்தால் எவ்வளவு மனக்கஷ்டம்!

கப்பல் புறப்படும் அன்று காலையில் வந்திறங்குகிற மாதிரி திருச்சியிலிருந்து விமானம் போட்டால் ஒரு நாள் செலவு மிச்சம் என்று என் கணவர் கணக்குப் போட்டார். நாத்தனார் சம்மதிக்கவே இல்லை. விமானம் நாலு மணி நேரம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்குமா? இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டோம்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மாமியாருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் இன்சுலின் போட வேண்டும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி என்பதால், எந்த நேரத்தில் போடுவது என்று எங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தேன். விமானத்தில் இன்சுலினை டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் வைத்திருந்தேன். அதுவரை எல்லாம் சரி. நாத்தனார் வீட்டிலிருந்து துறைமுகத்துக்குக் கிளம்பும்போதுதான் புத்தி கெட்டுப்போயிற்று. பேரனின் பால் புட்டி, டயப்பர், தொப்பி எல்லாம் கைப்பையில் ஏறிவிட, இன்சுலின் பை, சர்க்கரை பார்க்கும் மெஷின் இரண்டையும் பெரிய சூட்கேஸுக்குள் வைத்துவிட்டேன். அதே சூட்கேஸில், புடவைகளுக்கு நடுவில், யாருக்கும் சொல்லாமல் ஒரு சின்ன எலக்ட்ரிக் கெட்டிலையும் சொருகி வைத்திருந்தேன். அத்தைக்கு ராத்திரி படுக்கும்முன் வெந்நீர் வேண்டுமே என்று!

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். அவை பரிசோதனை முடிந்து, சாயங்காலத்துக்குள் நம் அறை வாசலுக்கு வந்து சேரும். நாங்கள் மத்தியானம் ஒரு மணிக்கு ஏறினோம். ஆறு மணிக்கு எல்லார் பெட்டியும் வந்தது. எங்கள் நீலப் பெட்டி மட்டும் வரவில்லை. ஏழாயிற்று, ஏழரையாயிற்று. மாமியார் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது.

"பரவாயில்லம்மா, வரட்டும். அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எட்டேகாலுக்கு அவர் கை லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. சர்க்கரை இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று பார்க்க மெஷினும் பெட்டிக்குள்! என் கணவர் பதறிப்போய் விசாரிக்கும் கவுண்டருக்கு ஓடினார். நாத்தனார் பிள்ளையின் பழச்சாற்றை அம்மாவுக்குக் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் நடுக்கம் குறைந்தது. உடனே கப்பல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் பரிசோதித்துவிட்டு, "நல்ல வேளை கொடுத்தீர்கள்" என்றார். அதற்குத் தனியாகக் காசு; ஊரில் நாலு தடவை டாக்டரைப் பார்க்கும் காசு. மருத்துவச் செலவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்திருந்ததால் பிறகு அது திரும்பக் கிடைத்தது.

பெட்டி எங்கே போயிற்று தெரியுமா? கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அறையில் பத்திரமாக இருந்தது. கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி மாதிரி சூடாகிற, எரிகிற சாமான் எதுவும் கப்பலில் ஆகாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? எக்ஸ்ரேயில் கெட்டில் தெரிந்ததும், சொந்தக்காரர் வந்து திறந்து காட்டட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் நான் போய், புடவைகளையெல்லாம் விலக்கி அந்தக் கெட்டிலை எடுத்துக் கொடுத்தபோது மானம் போயிற்று. சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, கடைசி நாள் தருவதாகச் சொன்னார்கள்.

அறைக்கு வந்தால் என் மாமியார், "வெந்நீர் கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டார். சாப்பாட்டு ஹாலில் ராத்திரி பத்து மணிக்கும் வெந்நீர் வேண்டுமட்டும் கிடைத்தது. ஒரு பிளாஸ்க் கொண்டு போயிருந்தால் போதும்.

மாத்திரை, இன்சுலின், பாஸ்போர்ட், குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பால் பவுடர், டயப்பர், மாற்றுத் துணி எல்லாம் கையோடு இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து இன்சுலின் பையும், பிரிக்காத ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் மாமியார் மடியை விட்டு இறங்கவே இல்லை.

ஏறிய அன்றே ஆபத்துக் கால ஒத்திகை ஒன்று உண்டு. எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர் காக்கும் அங்கியை எப்படிக் கட்டுவது என்று காட்டுவார்கள். "இதெல்லாம் எதுக்கு, நாம சாப்பிடப் போவோம்" என்று நழுவாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்கள் பலருக்கு இந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனேயே ஒத்திகை நடந்தாக வேண்டும் என்ற விதி 2015-லிருந்து வந்தது. குழந்தை அளவுக்கு அங்கி இருக்கிறதா என்று நாத்தனார் கேட்டு வாங்கி வைத்தாள்.

தலைசுற்றலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த்தளத்தில் இருக்கிற அறைதான் கம்மியாக ஆடும். ஜன்னலும் பால்கனியும் வேண்டும் என்று மேல்தளத்தில் முன்கோடியில் எடுப்பவர்கள்தான் அவஸ்தைப்படுகிறார்கள். மலாக்கா ஜலசந்தி வரை தெரியவே இல்லை. மே மாதம் தென்மேற்குக் காற்றுக் காலமாதலால் புக்கெட் பக்கம் போனதும் கப்பல் அசைய ஆரம்பித்தது. இதற்கான மாத்திரையை ஆட்டம் தொடங்கும்முன்னே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் குறைவு. பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், அதற்கு என்ன செய்வது என்றும் ஊரிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். எனக்குக் கைகொடுத்தது இஞ்சி மரப்பாவும், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு தூரத்து அடிவானத்தைப் பார்த்ததும்தான்.

சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். ரொட்டி, பருப்பு, சாதம், தயிர் எல்லாம் இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே கரண்டியைத் தொடுகிற இடம். வாந்தி பேதி ஒருவருக்கு வந்தால் மளமளவென்று பரவும். வாசலில் வைத்திருக்கும் ஜெல்லைத் தடவிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்தக் கிருமிக்கு அது அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம், பெரும்பாலான கப்பல்களில் டயப்பர் கட்டிய குழந்தையை நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். பேரன் குளத்தைப் பார்த்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கப்பலிலேயே ஆளுக்கு இவ்வளவு என்று சுற்றுலா டிக்கெட் விற்றார்கள். நாங்கள் வாங்கவில்லை. இறங்கி நடந்தாலே கார்ன்வாலிஸ் கோட்டை, அதைத் தாண்டினால் லிட்டில் இந்தியா. 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலில் கற்பூரம் காட்டினார்கள். மல்லிகைப்பூ, வடை, சினிமாப் பாட்டு என்று திருச்சிக் கடைவீதி மாதிரியே இருந்தது. 2008-லிருந்து இந்த ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதாம். தாத்தா இறங்கியது இந்தக் கரையில்தானே என்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதே, கப்பல் கிள்ளான் துறைமுகத்தில் நின்றால் கதை வேறு. கோலாலம்பூர் அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். அங்கே சொந்தமாகக் கிளம்பிப் போக்குவரத்தில் சிக்கினால் ஆபத்து.

மறுநாள் புக்கெட்டில் எங்களுக்கும் அந்த ஆபத்து வரப் பார்த்தது. பாட்டோங் கரையில் பெரிய கப்பல் கிட்டே போகாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் கரைக்கு அனுப்புகிறார்கள். படகு ஏறி இறங்குகிறபடியால் மாமியாரை இரண்டு சிப்பந்திகள் கையைப் பிடித்து இறக்கினார்கள். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவர் கால் வைத்த தைரியம் எனக்கு வரவில்லை.

திரும்பும் கடைசிப் படகு ஐந்து மணிக்கு. கடைத்தெருவில் நாத்தனார் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபோனைப் பார்த்தேன், மூணேகால். இளநீர் குடிக்கலாம் என்று உட்கார்ந்தோம். மாமியார் தன் பழைய ஹெச்.எம்.டி. வாட்சைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாலேகால் ஆச்சே, கிளம்ப வேண்டாமா?" என்றார்.

"இல்லத்தை, மூணேகால்தான். உங்க வாட்ச் தப்பா ஓடுது."

"தப்பா ஓடுமா? சிங்கப்பூர்ல மாப்பிள்ளைதானே திருப்பி வச்சுக் குடுத்தார்?"

நாத்தனார் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையிறங்கியதும் ஃபோன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. முதல்நாள் ராத்திரி அறையில் போட்ட தாளில் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நாங்கள் அதில் பாட்டுக் கச்சேரி எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்திருந்தோம்!

துணியை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடற்கரைச் சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. மாமியாரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் கப்பலில் வாங்கி வைத்திருந்தார்கள். கையில் நகல்கூட இல்லை. படகைத் தவறவிட்டால் அடுத்தது நேரே சிங்கப்பூர்தான். சொந்தச் செலவில் விமானம் பிடித்துப் போக வேண்டும். படகுத்துறையை எட்டியபோது வாட்சில் நாலு அம்பது. எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர்தான் வந்தார்கள். அவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டுதான்.

ஃபோனைப் பற்றி இன்னொன்று. நடுக்கடலில் கப்பலே ஒரு சிக்னல் தருகிறது. அது நம் ரோமிங் பேக்கில் சேராது. ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள் என்று மாப்பிள்ளை எல்லாரிடமும் சொன்னார். என் கணவர் காலை வணக்கப் படங்கள் வந்திருக்கிறதா என்று ஒரு தடவை மாற்றிப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்த பிறகு நாலாயிரத்துச் சொச்சம் பில் வந்தது. டிக்கெட்டுக்கு மேல் தலைக்கு, நாளைக்கு இவ்வளவு என்று சிப்பந்திகளுக்கான கட்டணமும் உண்டு. கணக்கு முடிக்கும்போது திகைக்காமல் முதலிலேயே கேட்டு எடுத்து வையுங்கள்.

கடைசி ராத்திரி பதினோரு மணிக்குள் பெரிய பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் கரையில்தான் அவற்றைப் பார்க்கலாம். இந்த விஷயத்தில் நான் ரொம்ப ஜாக்கிரதையாக, எல்லாவற்றையும் மடித்து, எண்ணி, பூட்டி வைத்தேன். விடிந்ததும் என் கணவர் குளித்துவிட்டு வந்து, "ஏம்மா, என் பேண்ட் எங்கே?" என்றார்.

எல்லாம் பெட்டியில்! சிங்கப்பூர் துறைமுகத்தில் கைலியும் பனியனுமாக, மேலே நாத்தனாரின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் நடக்க, இன்சுலின் பையை மார்போடு அணைத்தபடி மாமியார் பின்னால் வந்தார். நான் கெட்டிலை வாங்க, சீட்டோடு வரிசையில் நின்றேன்.