மணற்புற்றரை யாருடையது?

கொல்ப் என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கையராகிய நமக்குத் தோட்டத்துத் துரையின் நினைவே முதலில் வருகின்றது. மலைநாட்டிலே பயிர்செய்ய வந்த வெள்ளையருள் ஸ்கொட்லாந்தர் மிகப் பலர். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் ரெயிலரும் அந்நாட்டவரே. அத்துரைமாரின் காலத்திலேதான், 1889இல், நுவரெலியாவிலே கொல்ப் கழகம் தோன்றியது. கொழுந்து பறித்த குடும்பங்கள் லயன் அறைகளில் நெருக்குண்டு கிடந்த நாட்களிலே, பந்தடிப்பதற்கெனப் பச்சைப் புற்றரை விரிக்கப்பட்டது. ஆகவே, இது ஆளும் வர்க்கத்தின் ஆட்டம் என்று நம்மிற் பலர் ஒதுக்கி வைத்ததில் வியப்பில்லை. ஆனால், ஒரு விளையாட்டு நம்மிடம் வந்த கோலமே அது பிறந்த கோலமும் என்று கொள்ளுதல் பொருந்துமா? இந்த வினாவை ஆராயும் வாய்ப்பு எதிர்பாராத வழியிலே நமக்குக் கிட்டியது.

கிளாஸ்கோ நகரத்து வைத்தியசாலையொன்றிலே நமது பள்ளித் தோழர் ஒருவர் நெடுங்காலமாகப் பணியாற்றுகின்றார். அவரும் உடன் உழைப்போருமாக எட்டுப்பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஸ்கொட்லாந்தின் பழைய கடற்கரைத் திடல்களிலே பத்து நாட்கள் ஆடிவர விரும்பினர். தாதியர் இருவர், அம்புலன்ஸ் சாரதி ஒருவர், ஆய்வுகூட உதவியாளர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என, மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நம்பி வாழும் மனிதர்கள் அவர்கள். இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்திருந்தனர். “நீர் ஆட வேண்டாம். எந்த ஊருக்கு, எதற்காகப் போகிறோம் என்பதை எழுதித் தாரும். வந்தால் எங்களோடு நடவும்” என்று நண்பர் கேட்டிருந்தார். ஆட்டம் நமக்குத் தெரியாது. வரலாறு படிப்பித்த பழக்கமும் நேரசூசி வகுத்த பழக்கமும் உண்டு. இசைந்தோம்.

ஸ்கொட்லாந்தர் ‘லிங்க்ஸ்’ என்று சொல்வது கடலுக்கும் கழனிக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்தையாகும். உப்புக்காற்றும் மணலும் காரணமாக அங்கே தானியம் விளையாது. குறும்புல் மட்டுமே படரும். மணல் ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடுவதால், மாரியிலும் நிலம் சேறாவதில்லை. ஆடும் மாடும் மேயவும், மீனவர் வலை உலர்த்தவும், பெண்கள் துணி வெளுக்கவும், முயல் பிடிக்கவும் அந்நிலம் உதவியது. உழவுக்கு உதவாததாலேயே அது ஊரார்க்குப் பொதுவாயிற்று. பொதுவாயிருந்ததாலேயே அங்கு விளையாட்டும் வளர்ந்தது. 1457இலே ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம், மக்கள் வில்வித்தையை மறந்துவிடுகின்றனர் என்று கூறி, உதைபந்தையும் கொல்பையும் ஒருங்கே தடைசெய்தது. ஒரு சில பிரபுக்கள் மட்டும் ஆடிய ஆட்டமாயின் அதனைத் தடுக்கச் சட்டம் வேண்டியிருந்திராது.

இத்தகைய நிலங்களுட் பெயர்பெற்றது சென் அன்றூஸ். திட்டத்தின் முதற் பக்கத்தில் அவ்வூரை எழுதினோம். அங்குள்ள பழைய திடலின் சரித்திரம் ஒரு காணி வழக்கின் சரித்திரம் போன்றது. 1552இலே பேராயர் ஜோன் ஹமில்ரன் ஒப்பமிட்ட பட்டயம், அந்த நிலத்திலே முயல் வளர்க்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டு, கொல்ப், உதைபந்து முதலியன ஆடும் உரிமை ஊராருக்கு உண்டென்பதை உறுதி செய்தது. 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை அந்நிலத்தைக் கைவிட்டது. விரைவிலே அது முயல் வணிகர் கைக்குச் சென்றது. முயல்கள் பெருகிப் புற்றரை முழுவதையும் குழியாக்கின. ஊரார் முயல்களைக் கொன்றனர். வணிகர் வழக்குத் தொடுத்தனர். பிணக்கு நீதிமன்றம் ஏறி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற அயல் நிலக்கிழார் அதனை வாங்கியதால் ஆட்டம் பிழைத்தது. ஆயினும், ஒரு நல்ல கிழாரின் மனத்திலே தங்கி நிற்கும் உரிமை உரிமையாகாது. 1893இலே கனவான்களின் கழகமாகிய றோயல் அன்ட் ஏன்சியன்ற் அந்த நிலத்தை வாங்கியபோது, ஊரார் விழித்துக்கொண்டனர். மறு ஆண்டிலேயே, 1894இல், பாராளுமன்றச் சட்டமொன்றின் வழியாக நிலம் நகரத்தின் உடைமையாயிற்று. 1974இல் உள்ளூராட்சி மாற்றியமைக்கப்பட்டபோது, அதனைப் பரிபாலிக்கச் சட்டப்படி ஒரு பொறுப்பாட்சிக் குழு நிறுவப்பட்டது.

உலகம் வியந்து நோக்கும் இத்திடலின் ஓரத்திலே அக்கழகத்தின் கல்மாளிகை நிற்கின்றது. திடலோ அக்கழகத்தின் சொத்தன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கே ஆட்டம் இல்லை. அன்று பிள்ளைகள் ஓடித் திரிவர். கிழவர்கள் நாய்களோடு உலாவுவர். போட்டிகளில் வல்லுநர் திணறிய மணற்குழிகளிலே குழந்தைகள் மணல் அளைவர். ஆகவே, சனிக்கிழமை மாலை சென் அன்றூசை அடைந்து, ஞாயிறு முழுவதையும் மட்டையைத் தொடாமல் அந்தப் புற்றரையிலே நடப்பதிற் கழிக்க வேண்டுமென்று திட்டத்தில் எழுதினோம். ஆட வருகின்றவர்கள் ஒரு நாளை ஆடாமல் வீணாக்குவதா என்று ஆய்வுகூட உதவியாளர் கேட்டார். அவ்வூரிற் காண வேண்டிய முதற்காட்சியே அதுதான் என்று விடை எழுதினோம்.

அங்கே ஆட இடம் பெறுவதும் தனி வகையானது. முற்பதிவு செய்யாதோருக்காக நாள்தோறும் சீட்டுக் குலுக்கப்படுகின்றது. இருவர் முதல் நால்வர் வரை ஒரு தொகுதியாக இரண்டு நாட்களுக்கு முன்னர் பெயர் கொடுக்கலாம். எண்மர் என்பதால் நமது குழு இரு தொகுதியாயிற்று. ஒரு தொகுதிக்குச் சீட்டு விழுந்து மற்றதற்கு விழாவிட்டால் என்செய்வது? மேலும், கோடை காலத்திலே வெளியார் ஒருவர் ஒருமுறை ஆடுவதற்கு 300 பவுணுக்கு மேற் கொடுக்க வேண்டும். ஊராரோ ஆண்டுச் சீட்டொன்றை வாங்கிக்கொண்டு அங்குள்ள திடல்களில் ஆண்டு முழுவதும் ஆடலாம். வெளியாரிடம் வாங்குவதைக் கொண்டே பொது உரிமை பேணப்படுகின்றது என்பர், அதில் நியாயமுண்டு. ஆனால், பொது நிலமென்று சட்டம் சொல்லும் இடத்தை எட்டிப்பார்க்க, இன்னோர் ஊரின் தொழிலாளி ஒரு கிழமைச் சம்பளத்தின் பெரும்பகுதியை வைக்க வேண்டியிருப்பதும் உண்மையே. அம்புலன்ஸ் சாரதி இதனைத்தான் கேட்டார். “ஒருவருக்கு முடியாததை எழுவர் செய்தால், அது குழுவாகுமா?” என்பது அவரது வினா.

இந்த வினாவே பின்னர் திட்டம் முழுவதற்கும் அளவுகோலாயிற்று. சேர்த்த பணம் எல்லாம் பொது நிதியாக வைக்கப்படும் என்றும், எண்மரும் ஆட முடியாத இடத்தில் எவரும் ஆடுவதில்லை என்றும், பழைய திடலிலே ஒரு தொகுதிக்கு மட்டும் சீட்டு விழுமாயின் எல்லாரும் அயலிலுள்ள ஈடன் திடலுக்குச் செல்வர் என்றும் முடிவாயிற்று. 1914இல் அமைந்த அந்த ஈடன் திடலும் அதே பொறுப்பாட்சிக் குழுவின் பரிபாலனத்தில் உள்ளதே.

திடல்களின் பெயர்கள் பேசப்படும் அளவுக்கு அவற்றை ஆக்கிய கைகள் பேசப்படுவதில்லை. சென் அன்றூசிலே அலன் றொபேட்சன் என்பவரின் பட்டறையிலே தோலுறைக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்தனர். தொப்பி நிறைந்த இறகை ஒரு சிறு உறைக்குள் அடைக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளே ஒருவராற் செய்ய முடியும். அங்கே தொழில் பயின்ற ரொம் மொறிஸ் ஒரு நெசவாளியின் மகன். 1848 அளவில் ‘கட்டாபேர்ச்சா’ என்ற மரப்பாலினால் மலிவான பந்து வந்தபோது இருவரும் முரண்பட்டுப் பிரிந்தனர். அந்தப் பால் மலாயாக் காடுகளிலிருந்து வந்தது. மரத்தை வெட்டி வீழ்த்தியே பாலெடுத்தனர். சில பத்தாண்டுகளிலே சிங்கப்பூரில் அம்மரம் அருகிப்போயிற்று. ஸ்கொட்லாந்தின் ஏழை எளியவருக்குப் பந்தின் விலை குறைந்தது. அதற்காகக் கீழைத்தேயத்துக் காடு அழிந்தது. ஏகாதிபத்தியத்தின் கணக்கேடு இவ்வாறுதான் இரண்டு பக்கங்களிலும் எழுதப்பட்டது.

ரொம் மொறிஸ் பின்னர் மேற்குக் கரையிலுள்ள பிறெஸ்விக் திடலைப் பராமரிக்கச் சென்றார். அங்கேதான் 1860 ஒக்டோபர் 17ஆம் நாள் முதலாவது ‘ஓப்பன்’ போட்டி நடைபெற்றது. ஆடியவர்கள் எண்மர், நமது குழுவின் தொகையும் எட்டே என்பது நண்பருக்குப் பெருமகிழ்ச்சி. அவர்கள் பையைச் சுமந்தும், பந்து செய்தும், புல்லைப் பேணியும் பிழைத்த தொழிலாளர். பன்னிரண்டு குழிகளை மூன்று முறை சுற்றி, 174 அடிகளிலே வென்றவர் மசல்பரோவைச் சேர்ந்த வில்லி பார்க். கனவான்கள் பந்தயம் கட்டிப் பார்த்து நின்றனர். இன்று கோடிக்கணக்கான பணம் புரளும் போட்டியொன்று அந்த எட்டுத் தொழிலாளரின் ஒருநாள் ஆட்டத்திலிருந்து பிறந்ததென்பதை நினைவிற் கொள்வது நல்லது.

மசல்பரோவையும் திட்டத்திற் சேர்த்தோம். குதிரைப் பந்தயத் திடலின் நடுவே கிடக்கும் ஒன்பது குழிகளைக் கொண்ட பழைய புற்றரை அது. ஆறு முறை ஓப்பன் போட்டி அங்கே நடந்தது. செலவும் மிகக் குறைவு. நமது உள்ளத்தைக் கவர்ந்ததோ வேறொரு செய்தி. 1811ஆம் ஆண்டுப் பிறப்பிலே அவ்வூர் மீன்காரப் பெண்களுக்கென ஒரு கொல்ப் போட்டி வைக்கப்பட்டது. மீன்கூடையும் சால்வையும் பரிசுகளுள் அடங்கும். விடியலிலே கூடை சுமந்து எடின்பரோவுக்கு நடந்து மீன் விற்ற பெண்கள், ஆடவும் தெரிந்தவர்களாயிருந்தனர்.

இதனை அறிந்த பின்னர் மியூர்பீல்ட் பற்றிய விவாதம் எழுந்தது. மசல்பரோவிலிருந்து சிறிது தொலைவிலே அத்திடல் இருக்கின்றது. 1744இல் லீத் என்ற இடத்திலே ஆட்டவிதிகளை முதன்முதல் எழுதி வைத்த எடின்பரோக் கனவான்களின் கழகம் 1891இல் அங்கே குடியேறியது. பெண்கள் அங்கே விருந்தினராக ஆடலாம், அங்கத்தவராக முடியாது. 2016இல் இதனை மாற்ற வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 64 பேர் மாற்றத்தை ஆதரித்தும், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமையால் கதவு மூடியே இருந்தது. இனி அங்கே ஓப்பன் போட்டி நடைபெறாது என்று அறிவிக்கப்பட்டதன் பின், 2017இல் மீண்டும் வாக்கெடுத்துக் கதவைத் திறந்தனர். 2019இலே முதற் பெண் அங்கத்தவர்கள் அழைக்கப்பட்டனர். திறந்துவிட்ட கதவுக்குள் போவதில் என்ன குற்றம் என்றனர் சிலர். ஓய்வு பெற்ற ஆசிரியையின் கருத்து வேறாயிருந்தது. மனம் மாறியதனாற் கதவு திறந்ததா, பெருமை பறிபோகும் என்பதனாற் திறந்ததா என்று தம்மால் அறிய முடியாதென்றார். மீன்காரப் பெண்கள் ஆடிய திடலுக்குத் தாம் முதலில் போக வேண்டும் என்றார். எவரும் மறுக்கவில்லை.

சென் அன்றூசிலிருந்து வடக்கே, பொதுத் திடலாகவே விளங்கும் கார்நூஸ்ரிக்குச் செல்லும் வழி டண்டீ நகரத்தினூடாகச் செல்கின்றது. வங்காளத்துச் சணலை நெய்து உலகுக்குச் சாக்கு விற்ற நகரம் அது. ஆலைகளிற் குறைந்த கூலிக்கு உழைத்தோருட் பெரும்பாலோர் பெண்கள். பழைய ஆலையொன்று இன்று அரும்பொருட்சாலையாக உள்ளது. அங்கே ஒரு முற்பகலை ஒதுக்கினோம்.

இறுதி மூன்று நாட்களையும் வடக்கே டோர்நொக்கிற்கு வைத்தோம். 1616இலேயே அங்கே கொல்ப் ஆடியதற்குச் சான்று உண்டு. உலகில் அதனிலும் அழகிய கடற்கரைத் திடல் அரிதென்பர். ஆனால் அது சதர்லாந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஆட்டு மந்தைகளுக்காக உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடிமக்கள் துரத்தப்பட்ட நாடு அது. 1814க்கும் 1820க்கும் இடையே 15,000 மக்கள் வேரோடு பெயர்க்கப்பட்டனர் என்று ‘மூலதனம்’ நூலிலே மார்க்ஸ் கணக்கெழுதினார். ஸ்ராத்நேவரிலே வீடுகள் எரிந்தன. அதற்குப் பொறுப்பான காரியக்காரர் பற்றிக் செல்லர் 1816இல் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றார். டோர்நொக்கிற்கு வடக்கே, கொல்ஸ்பி ஊருக்கு மேலுள்ள குன்றிலே, அந்நிலத்தின் பிரபுவுக்கு நூறடிக்கும் உயர்ந்த சிலை இன்றும் நிற்கின்றது. டோர்நொக்கிலே கல்வேலை செய்த ஒருவரின் மகனாக 1872இற் பிறந்த டொனால்ட் றொஸ், தச்சுத்தொழில் பயின்று, பின் அமெரிக்கா சென்று நூற்றுக்கணக்கான திடல்களை வகுத்தார். அவர் பெயரைக் குழுவிலுள்ள எல்லாரும் அறிவர். பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்டோரின் பெயர்களை அறிந்தவர் எவருமில்லை. ஆதலின், ஒரு நாள் காலை ஆடவும் மாலை ஸ்ராத்நேவருக்குச் சென்று இடிந்த வீடுகளின் அத்திவாரக் கற்களைப் பார்க்கவும் ஒழுங்கு செய்தோம்.

சென் அன்றூசையும் சதர்லாந்தையும் ஒரே பயணத்தில் வைத்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். இரண்டு இடங்களிலும் மக்களுக்குப் பழைய வழக்குரிமை இருந்தது. ஓரிடத்தில் அதற்குப் பட்டயம் இருந்தது. வழக்காடவும் பாராளுமன்றம் செல்லவும் வல்ல நகரத்தார் இருந்தனர். மற்ற இடத்திலே ஏட்டில் எழுதாத உரிமையை நம்பிய ஏழை உழவர் மட்டுமே இருந்தனர். முன்னதில் இன்று குழந்தைகள் மணல் அளைகின்றனர்; பின்னதில் கற்கள் கிடக்கின்றன. பொது நிலம் தானே பொதுவாக நிலைப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. 2003இலே ஸ்கொட்லாந்து இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், ஆடுவோருக்கு இடையூறு செய்யாமல் கொல்ப் திடல்களைக் கடந்து செல்லும் உரிமையை எல்லா மனிதருக்கும் வழங்கியுள்ளது. அதுவும் நெடுங்காலம் கேட்டுப் பெற்றதே.

திட்டம் இப்போது நிறைவெய்தியுள்ளது. வைகாசியிலே, எடின்பரோவிலிருந்து புறப்பாடு. எண்மர் ஆடுவர். ஒன்பதாமவராகிய நாம், மட்டையும் சீட்டுமின்றி, அந்தச் சட்டத்தின் துணைகொண்டு அவர்களோடு நடப்போம்.