தாய்மைக்கு ஒரு தவணை

சென்ற சித்திரை விடுமுறையில், பாண்டிருப்பிலுள்ள எமது இல்லத்திற்குப் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். கணிதத்தில் கெட்டிக்காரி, இன்று வெளிநாட்டு மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகின்றாள். வயது முப்பத்திரண்டு. தேநீரை அருந்தாமலே வெகுநேரம் இருந்துவிட்டுக் கேட்டாள்:

"ரீச்சர், கருமுட்டைய எடுத்துக் குளிர்ல வைக்கிறத்துக்குக் கொம்பனி காசு குடுக்குதாம். செய்யலாமா?"

அன்று உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. பின்னர் ஆறுதலாகச் சிந்தித்ததையே ஈண்டு எழுதுகின்றோம்.

விஞ்ஞானத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஓமோன் ஊசி ஏற்றிப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்து, அவற்றை ஊசியால் உறிஞ்சியெடுத்து, சைபருக்குக் கீழே 196 பாகை செல்சியசில் திரவ நைதரசனில் பேணுகின்றனர். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உட்படும் இளம் பெண்ணுக்கு இது பெரும் பேறு. தன் விருப்பத்தின்பேரில் ஒருத்தி இதனை நாடினால், அவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உறைந்த முட்டை பிறக்கப்போகும் குழந்தைக்கு உத்தரவாதம் அன்று. முட்டை எடுக்கும்போது வயது கூடியிருந்தால் வாய்ப்புக் குறையும். உறைநிலை நீக்கும்போது சில முட்டைகள் அழிந்தும் போகும்.

எமது ஐயம் பணம் கொடுப்பவரைப் பற்றியது. பேஸ்புக், அப்பிள் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இச்செலவில் 20,000 டொலர் வரை ஏற்கும் என்ற செய்தி 2014இல் வெளிவந்தது. அவை சம்பளத்துடன் மகப்பேற்று லீவும் வழங்கின என்பதை மறைக்கலாகாது. ஆயினும் அந்நாட்டுச் சமஷ்டிச் சட்டம் 1993 முதல் உறுதி செய்வது பன்னிரண்டு வாரச் சம்பளமற்ற லீவே. அதுவும் எல்லோர்க்கும் அன்று. வேலையின் நேரத்தைத் தாய்க்கேற்ப மாற்றுவதினும், தாயின் உடலை வேலைக்கேற்ப மாற்றுவது முதலாளிக்கு இலேசாயிருக்கின்றது.

இது தொலைதேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? எமது கரையோரத்திலிருந்தும் பெண்கள் வீட்டுவேலைக்கு மத்திய கிழக்கிற்குச் செல்கின்றனர். 2013இல் அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கையின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் அவ்வேலைக்குப் போகமுடியாது. 2022இல் அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. படித்தவளிடம் பிள்ளையைப் பிற்போடு என்கின்றார்கள். ஏழையிடம் பிள்ளை இருப்பதால் உழைக்கப் போகாதே என்கின்றார்கள். பிள்ளை வளர்ப்பது பெண் ஒருத்தியின் தனிச்சுமை என்னும் எண்ணத்தில் இரு தரப்பாரும் ஒன்றுபடுகின்றனர்.

அயலூரான மருதமுனையில் தறிக்கருகே தொட்டில் கட்டி நெய்த தாய்மாரை நாம் கண்டிருக்கின்றோம். அக்காட்சியைப் போற்றிப் பாட நாம் ஆயத்தமில்லை. நெய்த துணிக்கே கூலி. பேறுகாலத்திற்குச் சல்லிக்காசும் இல்லை.

எமது நாட்டில் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், தனியார் துறைப் பெண் ஊழியர் எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் லீவு பெறுகின்றார். நல்ல சட்டமே. எனினும் அச்சம்பளத்தைத் தனி முதலாளியே கொடுக்கவேண்டியிருப்பதால், இளம் பெண்ணை வேலைக்கெடுக்கவே தயங்குவோர் உளர். மகப்பேற்று உதவியைச் சமூகக் காப்புறுதியோ பொதுப்பணமோ தாங்கவேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 2000ஆம் ஆண்டுச் சமவாயம் கூறுகின்றது. அதனோடு தந்தைக்கு லீவும், வேலைத்தலம்தோறும் பிள்ளைக் காப்பகமும் வேண்டும்.

மாணவிக்குக் கடிதம் எழுதினோம்: "மகளே, உன் உடல் பற்றிய முடிவு உன்னுடையது. வைத்தியரிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்து முடிவு செய். ஆனால் கையொப்பமிடுமுன் கொம்பனியிடம் ஒன்று கேள்: நான் இந்த வருடமே பிள்ளை பெற்றால் என் பதவி உயர்வு என்னவாகும்?"

அவள் கேட்டுவிட்டாளாம். பதில் இன்னும் வரவில்லை. அவள் தனியே கேட்டதைச் சக ஊழியரும் சேர்ந்து கேட்டால், நெடுநாள் மௌனம் சாதிக்க அவர்களால் இயலாது.